பக்கவாத்தியக்காரர்கள் பெயரில் ஒரு குழு

ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் பேஸ் கிதார் வாசிப்பவருக்கும் மேடையில் பின்வரிசைதான். குழுவுக்கு ஆள் பெயர் வைப்பதென்றால் பாடுபவரின் பெயரை வைப்பார்கள், இல்லையென்றால் முன்னால் நின்று கிதார் வாசிப்பவரின் பெயரை. 1967 இல் லண்டனில் பீட்டர் கிரீன் என்ற இருபது வயது இளைஞர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். பாட்டும் அவருடையது, கிதாரும் அவருடையது, குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். ஆனாலும் டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் பெயரோடு பேஸ் வாசிக்க வேண்டிய ஜான் மெக்வீயின் பெயரிலிருந்து முதல் துண்டை ஒட்டி, 'ஃப்ளீட்வுட் மேக்' என்று பெயர் சூட்டினார். மெக்வீ அப்போது குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை. சேர்வதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நம் கச்சேரி வழக்கில் சொன்னால், பக்கவாத்தியக்காரர்களின் பெயரில் ஒரு குழு. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் குழுவின் பாடகர்கள் மாறினார்கள், பாட்டு எழுதியவர்கள் மாறினார்கள், நாடு மாறியது, இசையின் வகையே மாறியது. 1968 தொடங்கி 2003 வரை வந்த 17 ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இருப்பவர்கள் இந்த இருவர் மட்டுமே. இத்தனைக்கும் இருவரும் தாங்களாகப் பாட்டு எழுதியது மிகக் குறைவு. நீண்ட காலம் நிலைத்த பாப் ராக் குழுக்களின் வரலாற்றைப் பெரும்பாலும் பாட்டு எழுதியவர்களை வைத்தே எழுதுகிறார்கள். ஃப்ளீட்வுட் மேக்கின் வரலாற்றை அப்படி எழுதினால் நாலைந்து குழுக்களின் கதைதான் கிடைக்கும். அவற்றை ஒரே குழுவாகக் கட்டி வைத்தது எது என்பதற்கு விடை கிடைக்காது.

அன்றைய லண்டனில் ப்ளூஸ் பயில விரும்பியவர்களுக்கு ஜான் மேயாலின் 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ்' குழுதான் குருகுலம். அங்கிருந்து எரிக் கிளாப்டன் விலகியபோது அவர் இடத்துக்கு வந்தவர் பீட்டர் கிரீன். வருமான வரி அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த ஜான் மெக்வீ அந்த வேலையை விட்டுவிட்டு மேயாலிடம் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். விமானப்படை அதிகாரியின் மகனான மிக் ஃப்ளீட்வுட்டுக்கு எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்ஸியா. படிப்பு ஏறாமல் பதினைந்து வயதில் டிரம்ஸோடு லண்டனுக்கு வந்தவர். மேயாலின் குழுவில் கொஞ்ச நாள் இருந்தார், குடியால் வெளியேற்றப்பட்டார். கிரீனுக்குப் பரிசாக மேயால் கொஞ்சம் ஸ்டுடியோ நேரம் வாங்கித் தந்தார். அதில் மூவரும் சேர்ந்து சில உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். பாட்டில்லாத வாத்திய உருப்படி ஒன்றுக்கு அந்தத் தாள இணையின் பெயரையே கிரீன் வைத்தார். குழுவுக்கு முன்பே பெயர் பிறந்துவிட்டது.

மேயாலிடம் தவறாமல் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் மெக்வீ தயங்கினார். 1967 ஆகஸ்ட் 13 அன்று வின்ட்ஸர் இசைவிழாவில் குழு முதன்முறை மேடையேறியபோது வேறொருவர் பேஸ் வாசித்தார். மெக்வீ வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது பேச்சு. சில வாரங்களில் மெக்வீ வந்துவிட்டார்.

அந்த முதல் குழு முழுக்க ப்ளூஸ் குழு. 1968 இல் கிரீன் எழுதிய 'பிளாக் மேஜிக் வுமன்' இன்று பெரும்பாலோருக்குச் சந்தானா குழுவின் பாட்டாகவே தெரியும். அவர்கள் அதை எடுத்துப் பாடி அமெரிக்காவில் பெரும்புகழ் அடைந்தது 1970 இல். பிரிட்டனில் ஃப்ளீட்வுட் மேக்கின் முதல் பெருவெற்றி 'ஆல்பட்ராஸ்'. சொல்லே இல்லாத, அலை மெல்ல வந்து திரும்புவதுபோன்ற கிதார் உருப்படி. 1969 ஜனவரியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம். இதைக் கேட்கும்போது கிரீனின் கிதாரை விட்டு ஒரு நிமிடம் கீழே இறங்கிக் கேட்க வேண்டும். மிக் டிரம்ஸை அதிர அடிப்பதில்லை, மிருதுவான தலைகொண்ட கோல்களால் உருட்டுகிறார். மெக்வீ மிகச் சில சுரங்களோடு அதன் அடியில் நகர்கிறார். கிரீன் எதற்காக இவர்களின் பெயரை வைத்தார் என்பதற்கு அந்த மூன்று நிமிடங்களைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

புகழும் பணமும் சேரச்சேரக் கிரீன் தவித்தார். சம்பாதிப்பதை எல்லாம் தானம் செய்துவிடுவோம் என்று குழுவினரிடம் மன்றாடினார். 1970 மார்ச்சில் ஜெர்மனியின் ம்யூனிக்கில் ஒரு கூட்டுக்குடியிருப்பில் நடந்த விருந்தில் அவர் எல்எஸ்டி போதைப்பொருள் எடுத்துக்கொண்டதைக் கூட இருந்தவர்கள் திருப்புமுனையாகச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர் விலகத் தொடங்கியிருந்தார் என்பதை அவருடைய கடைசிப் பாட்டுகளின் இருளே காட்டுகிறது. அந்த மே மாதம் குழுவை விட்டுப் போனார். பிறகு மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்டு நெடுங்காலம் சிகிச்சையில் இருந்தார்.

தொடங்கியவர் போன பிறகு குழு கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை.

அடுத்த ஐந்தாண்டுகளைப் பெரும்பாலான வரலாறுகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. வெற்றிப்பாட்டு எதுவும் இல்லாத காலம் என்பது காரணம். ஆனால் இந்தக் குழு எப்படிப்பட்டது என்பது தெரிவது இங்கேதான். 1971 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே, இன்னொரு கிதார் கலைஞரான ஜெரிமி ஸ்பென்ஸர் லாஸ் ஏஞ்சலஸ் விடுதி அறையிலிருந்து வெளியே போனார், திரும்பவே இல்லை. சில நாள் தேடலுக்குப் பிறகு 'கடவுளின் குழந்தைகள்' என்ற மதக்குழுவில் அவரைக் கண்டுபிடித்தார்கள். மிச்சமிருந்த கச்சேரிகளை முடித்துக்கொடுக்கப் பீட்டர் கிரீனையே அழைத்தார்கள். அவரும் வந்து வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பதினெட்டு வயதில் குழுவுக்கு வந்த டேனி கிர்வான் 1972 இல் ஒரு கச்சேரி தொடங்கும் முன் தன் கிதாரை உடைத்து, மேடையேற மறுத்தார். அவரும் வெளியேற்றப்பட்டார்.

இந்த இடைவெளியில் வந்த இருவர் குழுவின் திசையை மாற்றினார்கள். ஒருவர் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பாப் வெல்ச். மற்றவர் கிறிஸ்டீன் பெர்ஃபெக்ட், 'சிக்கன் ஷாக்' என்ற ப்ளூஸ் குழுவில் பாடிப் பெயர் வாங்கியவர். 1968 இல் ஜான் மெக்வீயை மணந்து, 1970 இல் குழுவில் சேர்ந்தார். கலைக்கல்லூரியில் படித்தவர், அந்த ஆண்டு வந்த 'கில்ன் ஹவுஸ்' ஆல்பத்தின் அட்டைப்படத்தை வரைந்தவரும் அவர்தான். ப்ளூஸ் பியானோவில் ஊறிய கையும், எளிய சொற்களில் மெட்டுக் கட்டும் திறமும் அவருக்கு இருந்தன. ப்ளூஸ் குழு பாப் ராக் குழுவாக மாறியதற்கு, பிற்பாடு வந்த அமெரிக்கர்களைக் காரணம் சொல்வது வழக்கம். விதை போட்டவர் கிறிஸ்டீன் என்பதை எழுபதுகளின் தொடக்க ஆல்பங்களைக் கேட்டால் மறுக்க முடியாது.

பெயரின் உண்மையான சோதனை 1974 இல் வந்தது. முந்தைய ஆண்டு இறுதியில், குழுவின் கிதார் கலைஞர் ஒருவருக்கும் மிக்கின் மனைவிக்கும் இடையிலான உறவு தெரியவந்து, அமெரிக்கச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றது. ஒப்பந்தமான கச்சேரிகளை விட மனமில்லாத மேலாளர், பெயர் தனக்கே சொந்தம் என்று உரிமை கொண்டாடினார். முற்றிலும் வேறு இசைக்கலைஞர்களைத் திரட்டி, 'ஃப்ளீட்வுட் மேக்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். மேடையில் ஃப்ளீட்வுட்டும் இல்லை, மெக்வீயும் இல்லை. பணம் கொடுத்து வந்த ரசிகர்கள் கொதித்தார்கள், சில வாரங்களில் அந்தப் பயணம் சரிந்தது. வழக்கு நடந்த மாதங்களில் உண்மையான குழு வேலையற்று முடங்கிக் கிடந்தது. 'ஆள் மாறினாலும் குழு அதுதானா?' என்ற கேள்வி தத்துவ வகுப்புக்கு உரியதுபோலத் தோன்றும். இவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினையாக வந்து நின்றது. அந்தச் சண்டையில் ஃப்ளீட்வுட்டும் மெக்வீயும் தோற்றிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. பெயர் வேறு எவருடையதாகவோ இருந்திருந்தால், அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு இத்தனை காரணமும் இருந்திருக்காது.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் எல்லோரும் சேர்ந்து வாழ்ந்த பெரிய வீட்டை விட்டுவிட்டு, 1974 இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். இனி வெளியார் மேலாளர் வேண்டாம் என்று நிர்வாகப் பொறுப்பை மிக்கே எடுத்துக்கொண்டார். ஆல்பம் பதிவு செய்ய இடம் தேடி அவர் வான் நைஸ் பகுதியில் இருந்த 'சவுண்ட் சிட்டி' ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே இருந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கீத் ஓல்சன், தங்கள் கருவிகளின் தரத்தைக் காட்ட ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். 1973 இல் வந்து விலைபோகாத 'பக்கிங்ஹாம் நிக்ஸ்' என்ற ஆல்பத்தின் பாட்டு அது. சில நாட்களில் பாப் வெல்ச் விலகினார். அன்று கேட்ட கிதார் மிக்கின் நினைவுக்கு வந்தது. அதை வாசித்த லிண்ட்சி பக்கிங்ஹாமை அழைத்தார். தன் காதலி ஸ்டீவி நிக்ஸையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன் என்றார் லிண்ட்சி. வீட்டுச் செலவுக்காக ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டீவி.

டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் ஆள் தேடும் முறை இது. பாடகர் தேடியிருந்தால் தன் குரலுக்குப் போட்டி வருமா என்று யோசித்திருப்பார். மிக்கிடம் அந்தக் கணக்கு இல்லை. தன் தாளத்தின் மேல் யார் நன்றாக நிற்பார்கள் என்று மட்டுமே பார்த்தார். முன்வரிசையில் ஒருவருக்குப் பதில் மூவர் வந்து நிற்பதைப் பின்வரிசைக்காரர் வரவேற்றார்.

புதிய ஐவரின் முதல் ஆல்பம் குழுவின் பெயரையே தாங்கி 1975 ஜூலையில் வந்தது. அது அவர்களுடைய பத்தாவது ஸ்டுடியோ ஆல்பம். ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். வெளியாகி ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1976 செப்டம்பரில், அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்தைத் தொட்டது. இதற்கிடையே ஜானும் கிறிஸ்டீனும் மணமுறிவில் இருந்தார்கள், லிண்ட்சியும் ஸ்டீவியும் பிரிந்திருந்தார்கள், மிக்கின் குடும்பமும் குலைந்திருந்தது. இந்த நிலையில்தான், 1976 பிப்ரவரியில், சான்பிரான்சிஸ்கோ அருகே சாஸலிட்டோவில் இருந்த 'ரெக்கார்டு பிளான்ட்' ஸ்டுடியோவுக்குள் அடுத்த ஆல்பத்துக்காக நுழைந்தார்கள். அந்த ஆல்பத்துக்கு 'ரூமர்ஸ்', அதாவது வதந்திகள், என்ற பெயரைச் சொன்னவர் ஜான் மெக்வீ.

ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய பாட்டுக்கு அந்த இன்னொருவரே வாசிக்க வேண்டியிருந்தது என்ற கதை பலமுறை சொல்லப்பட்டது. புதிய துணையைப் பற்றிக் கிறிஸ்டீன் எழுதிய பாட்டுக்கு முன்னாள் கணவர் ஜான் பேஸ் வாசித்தார். தன்னைக் குத்தும் லிண்ட்சியின் வரிகளுக்கு ஸ்டீவி பின்குரல் கொடுத்தார். இந்தக் கதை உண்மைதான். ஆனால் இதைமட்டுமே சொல்வது அந்த ஆல்பத்தின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. மனம் உடைந்தவர்கள் உலகில் கோடிப்பேர். அவர்கள் எல்லோரும் 'ரூமர்ஸ்' செய்துவிடவில்லை.

உழைப்பின் தடயங்கள் ஒலிநாடாவிலேயே இருந்தன. மாதக்கணக்கில் அதே நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் அதன் காந்தப்பூச்சு தேய்ந்தது. டிரம்ஸின் கூர்மை மங்குவதைத் தயாரிப்பாளர் கென் கைலாட் கவனித்தார். தொடக்கத்தில் எடுத்துவைத்திருந்த பிரதி ஒன்று இருந்தது. ஆனால் இரண்டு நாடாக்களையும் ஒரே சீராக ஓட்டும் குறியீடு எதிலும் இல்லை. ஹெட்ஃபோனில் ஒரு காதில் ஒன்றும் மறுகாதில் மற்றொன்றுமாகக் கேட்டு, ஓட்டத்தின் வேகத்தைக் கையால் திருத்தித் திருத்தி, பின்னர் சேர்த்த குரல்களையும் கிதார்களையும் தேயாத டிரம்ஸோடு பொருத்தினார்கள். ஆல்பத்தைக் காப்பாற்றிய வேலை என்றால் இதுதான்.

'ட்ரீம்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டுடியோவின் ஓர் ஒதுக்கறையில், சுமார் பத்து நிமிடத்தில் எழுதியதாக ஸ்டீவி சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய முழுப்பாட்டும் இரண்டே சுரக்கூட்டுகளில் (கார்டு) ஊசலாடுகிறது. முதலில் கேட்டபோது கிறிஸ்டீனுக்கே அது சலிப்பாகப் பட்டது. மெட்டில் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும்போது கேட்பவரை நான்கு நிமிடம் பிடித்து வைப்பது எது? மிக்கின் சீரான அடி, அதில் எங்கும் அவசரம் இல்லை. மெக்வீயின் பேஸ் இரண்டு சுரங்களுக்கு இடையில் மூச்சுவிடுகிறது, இடைவெளியை நிரப்ப முயல்வதே இல்லை. குழுவின் பாட்டுகளில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது இது ஒன்றே, 1977 ஜூனில்.

'கோ யுவர் ஓன் வே' பாட்டுக்கு லிண்ட்சி ஒரு குறிப்பிட்ட அடியைக் கேட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' அவர் மனதில் இருந்தது. மிக்கால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. தன் டிஸ்லெக்ஸியாவையும் அதற்குக் காரணமாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் கை போன போக்கில் விழுந்தது வேறோர் அடி. எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல், தாளம் தப்பிவிட்டதோ என்று பதற வைத்து, பல்லவி வரும்போது நேராகி ஓடும். கோபத்தில் எழுதிய பாட்டுக்கு அந்தத் தடுமாற்றமே உயிர்.

ஆல்பத்தில் 11 பாட்டுகள். பத்துப் பாட்டுகளை முன்வரிசை மூவர் தனித்தனியே எழுதினார்கள். 'தி செயின்' என்ற ஒன்றில் மட்டும் ஐவரின் பெயரும் இருக்கிறது. அது எழுதிய பாட்டு என்பதைவிட ஒட்டிய பாட்டு என்பதே சரி. கிறிஸ்டீன் தொடங்கிய பாட்டு ஒன்று தேறவில்லை. அதன் கடைசிப் பகுதியில் எல்லாம் அடங்கியபின் மெக்வீ தனியாக வாசித்த சில சுரங்களை மட்டும் யாருக்கும் விட மனமில்லை. மீதியை வெட்டிவிட்டு, அந்தப் பேஸ் துணுக்கிலிருந்து தாளத்தைப் பின்னோக்கி எண்ணி, முன்பகுதியைப் புதிதாகக் கட்டினார்கள். ஸ்டீவியின் வரிகள் வந்தன, லிண்ட்சியின் பழைய கிதார் துணுக்கு வந்தது, பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டினார்கள். பிரிந்துகொண்டிருந்த ஐவர் தங்களைப் பிணைக்கும் சங்கிலி பற்றிப் பாடிய பாட்டு இப்படித்தான் உருவானது.

1977 பிப்ரவரி 4 அன்று வெளியான 'ரூமர்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றது. உலகெங்கும் விற்ற பிரதிகள் 4 கோடிக்கு மேல்.

அடுத்து அதேபோல இன்னொன்று செய்யச் சொன்னது வணிகம். லிண்ட்சி மறுத்தார். 1979 இல் வந்த 'டஸ்க்' 20 பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம். செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. தலைப்புப் பாட்டுக்காகத் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக்குழுவை டாட்ஜர் விளையாட்டரங்கில் நிறுத்திப் பதிவு செய்தார்கள். அன்று ஊரில் இல்லாத மெக்வீக்குப் பதிலாக அவருடைய ஆளுயர அட்டைப்படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 'ரூமர்ஸ்' விற்றதில் ஒரு பங்கே விற்றதால் அன்று தோல்வி என்றார்கள். இன்று கேட்கும்போது இந்தக் குழு செய்த துணிச்சலான காரியம் அதுதான் என்றே சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் தனித்தனி வாழ்க்கை. மிக் 1984 இல் திவாலானார். 1987 இல் 'டேங்கோ இன் தி நைட்' வந்து பெருவெற்றி பெற்றது, சுற்றுப்பயணத்துக்கு முன்பே லிண்ட்சி விலகினார். மாற்று ஆட்களோடு வண்டி ஓடியது. 1993 இல் பில் கிளின்டன் பதவியேற்பு விழாவுக்காக ஐவரும் ஓர் இரவு சேர்ந்தார்கள், அவருடைய தேர்தல் பிரசாரப் பாட்டான 'டோன்ட் ஸ்டாப்' கிறிஸ்டீன் எழுதியது. ஸ்டீவியும் இல்லாமல் 1995 இல் வந்த 'டைம்' கவனிப்பாரற்றுப் போனது. தாள இணை மட்டும் இருந்தால் போதும் என்ற எண்ணத்தின் எல்லை அந்த ஆல்பத்தில் தெரிந்தது. அடித்தளம் எத்தனை உறுதியானாலும் மேலே நிற்க ஆள் வேண்டும்.

1997 இல் 'தி டான்ஸ்' நேரலைப் பதிவுக்காக ஐவரும் மீண்டும் கூடினார்கள். இருபதாண்டுக்கு முன் 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் இடம் பற்றாமல் விடப்பட்ட 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டை ஸ்டீவி லிண்ட்சியின் முகத்தைப் பார்த்து நின்று பாடினார். அடுத்த ஆண்டு 'ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவர்களைச் சேர்த்துக்கொண்டது. விழாவுக்குப் பீட்டர் கிரீனும் வந்தார். அன்றிரவு அவர் மேடையேறியது பழைய தோழர்களோடு அல்ல, சந்தானா குழுவோடு 'பிளாக் மேஜிக் வுமன்' வாசிக்க.

2018 இல் லிண்ட்சி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார், அதே ஆண்டில் சமரசம் ஆனது. அவர் இடத்தில் நீல் ஃபின்னும் மைக் கேம்பலும் வந்தார்கள். 2019 நவம்பரோடு கச்சேரிகள் நின்றன. 2020 பிப்ரவரியில் லண்டன் பல்லேடியம் அரங்கில் கிரீனின் பாட்டுகளுக்காகவே ஒரு மரியாதைக் கச்சேரியை மிக் நடத்தினார். அந்த ஜூலையில் கிரீன் 73 வயதில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டே ஒருவர் 'ட்ரீம்ஸ்' பாட்டுக்கு வாயசைத்த டிக்டாக் காணொளி ஒன்று பரவி, 43 ஆண்டுக்கு முந்தைய பாட்டு மீண்டும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறியது. 2022 நவம்பர் 30 அன்று கிறிஸ்டீன் மறைந்தார். அவர் இல்லாமல் குழுவைத் தொடர்வதில் பொருளில்லை என்று ஸ்டீவி சொல்லிவிட்டார்.

பிரிட்டனில் கார்ப்பந்தயம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையிடம் ஃப்ளீட்வுட் மேக் பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பலர் விழிப்பார்கள். ஆனால் 1978 இல் பிபிசி தன் ஃபார்முலா ஒன் நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக எடுத்துக்கொண்டதும், இடையில் கைவிட்டு 2009 இல் மீட்டுக்கொண்டுவந்ததும் 'தி செயின்' பாட்டின் கடைசிப் பகுதி. அதைக் கேட்டதும் தெரிந்துகொள்வார்கள். அந்தத் துணுக்கின் தொடக்கத்தில் குரல் இல்லை. முதலில் மெக்வீயின் பேஸ், பத்துப் பன்னிரண்டு சுரங்கள். அதன் அடியில் ஃப்ளீட்வுட்டின் கால் மிதிக்கும் டிரம். கிதார் வருவது அதற்குப் பிறகுதான்.